பவர்டு பாராசூட் பறக்க எந்த வழி: உரிமம் இல்லாமலா, ஸ்போர்ட் பைலட்டா, பிரைவேட் பைலட்டா?

பின்னால் எஞ்சினும் புரொப்பெல்லரும் பொருத்திய மூன்று சக்கர வண்டி, தலைக்கு மேலே காற்று நிரம்பிய துணி இறக்கை. பவர்டு பாராசூட் என்றால் இவ்வளவுதான். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ இதைத் தனி வகை வானூர்தியாகவே வைத்திருக்கிறது. அங்கே இதைக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. அல்ட்ராலைட் எனப்படும் மிக இலகுவான வானூர்திகளுக்கான பகுதி 103 விதியின் கீழ் உரிமமே எடுக்காமல் பறக்கலாம், ஸ்போர்ட் பைலட் உரிமம் எடுக்கலாம், பிரைவேட் பைலட் உரிமம் எடுக்கலாம். எது சீக்கிரம் முடியும், எதில் செலவு குறைவு என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: பின் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்துப் பறக்க என்றைக்காவது ஆசைப்படுவீர்களா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும்.

உரிமம் இல்லாத வழி

பகுதி 103 வந்தது 1982-ல். ஒரே ஒருவர், பொழுதுபோக்குக்காக மட்டும் பறக்கலாம். வண்டியின் வெற்று எடை 254 பவுண்டுக்குக் கீழே, அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எரிபொருள் 5 கேலனை (சுமார் 19 லிட்டர்) தாண்டக் கூடாது. வேகம் 55 நாட் (knot), அதாவது மணிக்கு சுமார் 63 மைலுக்குள் இருக்க வேண்டும். பவர்டு பாராசூட் மணிக்கு 25 முதல் 35 மைல் வேகத்தில்தான் போகும் என்பதால் வேக வரம்பு ஒரு பொருட்டே இல்லை, எடைதான் இடிக்கும். இந்த வரம்புக்குள் அடங்கிவிட்டால் வண்டிக்குப் பதிவு எண் வேண்டாம், ஓட்டுபவருக்கு உரிமமோ மருத்துவச் சான்றோ வேண்டாம். ஆனால் பகலில்தான் பறக்க வேண்டும், நெரிசலான குடியிருப்புகளுக்கு மேலே போகக் கூடாது, கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்தின் வான்வெளிக்குள் நுழைய முன்அனுமதி வாங்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், வண்டியில் ஒரே இருக்கை, பயிற்றுநர் கூட ஏற முடியாது. முன்பு இரட்டை இருக்கை அல்ட்ராலைட்டில் பயிற்சி தர விதிவிலக்கு இருந்தது, அது 2008 ஜனவரி 31-ஓடு முடிந்துபோனது. இப்போது ஒருவர் கூடவே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டுமென்றால் பதிவு செய்த இரட்டை இருக்கை வண்டியும் எஃப்ஏஏ சான்று பெற்ற பயிற்றுநரும் வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். அனுபவமுள்ள நண்பர் தரையில் நின்று ரேடியோவில் சொல்ல, இவர் முதல் நாளே தனியாக ஏறுவது. விதியில் இதற்குத் தடை இல்லை. ஆனாலும் இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் புறப்படும் அந்தச் சில நொடிகள். தரையில் விரித்த இறக்கை, வண்டி உருளத் தொடங்கியதும் காற்றை உள்வாங்கி மேலே எழும்பும். ஓட்டுபவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். இறக்கைத் துணியின் எல்லா அறைகளிலும் காற்று நிரம்பிவிட்டதா, கயிறுகள் சிக்காமல் இருக்கின்றனவா, இறக்கை நேராகத் தலைக்கு மேலே நிற்கிறதா? மூன்றும் சரியென்றால்தான் எஞ்சினுக்கு முழு விசை கொடுக்கலாம். இறக்கை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது விசை கொடுத்தால் அது வண்டியை இழுத்துக் கவிழ்த்துவிடும். இந்த வகைக்கே உரிய விபத்து இது. எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி இறக்கையை விரிக்கும் துணிச்சல் முதல் நாளில் யாருக்கும் தானாக வராது. பின் இருக்கையில் இருப்பவர் "அணை" என்று சொல்லிச் சொல்லித்தான் கை பழகும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பகுதி 103 வண்டியில் எத்தனை மணி நேரம் பறந்தாலும் அது பிற்பாடு உரிமக் கணக்கில் சேராது. சான்று பெற்ற பயிற்றுநரோடு பறந்து பதிவேட்டில் எழுதிய நேரம் சேரும். ஆகவே, கடைசி வரை உரிமமே எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்தவர்கூட முதல் பயிற்சியை அந்த இரட்டை இருக்கையில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்போர்ட் பைலட்

2004-ல் வந்த இந்த உரிமம் பவர்டு பாராசூட்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. குறைந்தபட்சம் 12 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 10 மணி பயிற்றுநரோடு, 2 மணி தனியாக. முழுதாக நின்று முடியும் தரையிறக்கம் 20, தனியாக இன்னும் 10, அப்புறம் வேறொரு விமானத் தளத்துக்குப் போய் இறங்கும் தனிப்பயணம் ஒன்று. அந்தப் பயணத்தின் ஒரு கட்டமாவது நேர்கோட்டில் 10 கடல் மைல் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 40 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கடைசியில் தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வும் பறந்து காட்டும் தேர்வும். வயது 17 ஆகியிருக்க வேண்டும், ஆங்கிலம் படிக்க, பேச, எழுதத் தெரிய வேண்டும்.

எடுத்துவிட்டால் ஒரு பயணியை ஏற்றலாம். காசு வாங்கிக்கொண்டு ஏற்ற முடியாது, செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநரோடு மீள்பயிற்சி உண்டு. இதைத் தொந்தரவாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இது இந்த வழியின் பெரிய பலம். உரிமம் இல்லாத வழியில் உங்கள் கெட்ட பழக்கத்தைச் சுட்டிக்காட்ட யாரும் வரமாட்டார்கள்.

மருத்துவ விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். ஸ்போர்ட் பைலட்டாகப் பறக்க அமெரிக்க ஓட்டுநர் உரிமமே உடல்தகுதிச் சான்றாகப் போதும். ஆனால் எப்போதாவது எஃப்ஏஏ மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்து, கடைசி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். இதய சிகிச்சை, வலிப்பு, மனநல மருந்து என்று ஏதாவது பின்னணி இருப்பவர், "எதற்கும் ஒருமுறை மருத்துவச் சான்றும் எடுத்து வைப்போமே" என்று போய் நிற்கக் கூடாது. விண்ணப்பிக்கும் முன்பே விமான மருத்துவரிடம் ஆலோசனையாக மட்டும் பேசிப் பாருங்கள். பறக்கத் தகுதி இருக்கிறதா என்று நேர்மையாகப் பார்க்கும் பொறுப்பு ஓட்டுநர் உரிமத்தை வைத்துப் பறக்கும்போதும் உங்களுடையதுதான்.

பிரைவேட் பைலட்

இங்கே 25 மணி நேரம். அதில் 10 மணி பயிற்றுநரோடு, 10 மணி தனியாக. பயிற்சியில் 3 மணி இரவுப் பயிற்சியும் அடங்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது, மருத்துவத் தகுதியும் வேண்டும். இரவுப் பயிற்சியை விட்டுவிட்டால் "இரவில் பறக்கத் தடை" என்ற குறிப்போடு உரிமம் கிடைக்கும். ஆனால் அதையும் விட்டுவிட்டு எதற்காக இத்தனை கூடுதல் மணி நேரம்? மெதுவாக, தாழ்வாகப் பறக்கும் வண்டி இது. மின்கம்பியும் இறங்கும் இடமும் கண்ணில் படாத இருட்டில் இதை ஓட்ட வேண்டிய அவசியம் மிகச் சிலருக்கே வரும். பொழுதுபோக்குக்குப் பறப்பவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்கெனவே விமானம் ஓட்டுபவர் என்றால்

இவர்களுக்குச் சுலபமான வாசல் உண்டு. ஒரு பயிற்றுநரிடம் பயிற்சி பெற்று அவர் ஒப்புதல் வாங்கி, வேறொரு பயிற்றுநரிடம் திறன் சோதனையில் தேறினால் ஸ்போர்ட் பைலட் சலுகையோடு பவர்டு பாராசூட் ஓட்டலாம். மறுபடி எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால் பழைய பழக்கம்தான் எதிரி. இதில் விசையைக் கூட்டினால் வேகம் கூடாது, உயரம்தான் கூடும். திருப்புவது காலால், இறங்கும்போது வேகம் தணிப்பதும் இரண்டு காலையும் சேர்த்து அழுத்தித்தான். விசையைச் சட்டென்று குறைத்தால் இறக்கைக்குக் கீழே வண்டி ஊசலாடத் தொடங்கும். பழைய பதிவேடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

ஒரே மூச்சிலா, வார இறுதிகளிலா?

எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். காற்று அமைதியாக இருக்கும் அதிகாலையிலும் மாலையிலும்தான் பயிற்சி நடக்கும். ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் நான்கு நாள் காற்றடித்தால் பணம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனாலும் தொடர்ந்து பறந்தால் கால் பழக்கம் விட்டுப்போகாது. பக்கத்திலேயே பயிற்றுநர் கிடைத்தால் வார இறுதி நல்லது. தூரம் என்றால், எழுத்துத் தேர்வை வீட்டில் இருந்து படித்து முன்கூட்டியே எழுதிவிட்டு (முடிவு 24 மாதம் செல்லும்) பறக்க மட்டும் போங்கள். எஃப்ஏஏ 2007-ல் வெளியிட்ட பவர்டு பாராசூட் கையேடு அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முன்பணம் கட்டும் முன் பள்ளியில் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த வகைக்கான தேர்வாளர் எங்கிருந்து, எப்போது வருவார்? தேர்வுக்குப் பயிற்சி வண்டியையே தருவார்களா? தேர்வாளர்கள் குறைவு என்பதால், பயிற்சி முடித்தும் தேர்வுக்காகக் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. தேதி சொல்ல முடியாத பள்ளியில் பணம் கட்ட அவசரப்படாதீர்கள்.