திருப்பூர் நிலைத்தன்மை வகுப்பு: பாதி அருமை, பாதி சப்பை

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையர்களின் ஆர்டர்களைக் கவனிப்பவராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்கள் விலை பேசும் முன்பே ஜிஓடிஎஸ் சான்று (ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச்சான்று) இருக்கிறதா என்று கேட்கிற காலம் இது. அதனால்தான் அவிநாசி ரோட்டில் வார இறுதிகளில் நடக்கும் இந்த நிலைத்தன்மை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு) வகுப்பில் சேர்ந்தேன்.

சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) சட்டப் பாடம் எடுத்தவர் பிரமாதம். நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இதில் ஒன்றை எட்டினாலே 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு வந்துவிடும். முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சிஎஸ்ஆர் பணிகளுக்குச் செலவிட வேண்டும். "அப்ப சாயத்தண்ணி சுத்திகரிப்புக்குப் போட்ட காசை இதுல காட்டலாமுங்களா?" என்று பின்வரிசை அண்ணன் ஒருவர் கேட்டார். முடியாதாம். சட்டப்படி செய்தே தீர வேண்டியது சிஎஸ்ஆர் ஆகாது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் நொய்யல் ஆற்றையும் வைத்தே அன்று முழுக்கப் பாடம் ஓடியது. யாரும் போனைத் தொடவில்லை!

வேலைவாய்ப்புப் பகுதிதான் சொதப்பல். விளம்பரத்தில் 'வேலை உறுதி' என்றார்கள். கையில் கொடுத்தது ஒரு ரெஸ்யூம் மாதிரி. பிஆர்எஸ்ஆர் அறிக்கைக்கே (நிறுவனங்கள் தங்கள் பொறுப்பு, நிலைத்தன்மை பற்றித் தரும் அறிக்கை) நேரம் போனது. அது பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கானது, எங்கள் யூனிட்டுகளுக்கு எங்கே? ஆடிட்டுக்கு மின்சாரம், தண்ணீர், கெமிக்கல் கணக்கு எழுதப் பழக்கியிருக்கலாம்.

ஏற்கெனவே கம்பெனியில் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். வேலை தேடும் தம்பி தங்கைகள், கட்டணம் கட்டுமுன் 'வேலை உறுதி'யை எழுத்தில் கேளுங்கள்.