டிக்கெட் கையில் இருந்தும் வாசலில் நிறுத்தினால், பொறுப்பு முதலாளிக்கும் உண்டு

2023 மார்ச் கடைசியில் சென்னையில் ஒரு திரையரங்க வாசலில், டிக்கெட்டை நீட்டிய நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர்கள் உள்ளே விட மறுத்தார்கள். மற்ற ரசிகர்கள் தட்டிக்கேட்ட பிறகே கதவு திறந்தது. படத்துக்கு யு/ஏ சான்று, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விட முடியாது என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. இந்த விளக்கத்தை யாரும் நம்பிவிட வேண்டாம். யு/ஏ என்பது பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. வயதைக் காட்டித் திருப்பி அனுப்புவது 'ஏ' சான்றுப் படத்துக்குத்தான். கடைசியில் வழக்கு வந்தது வாசலில் நின்ற ஊழியர்கள் மேல்.

சாதியைப் பார்த்து ஆளை வெளியே நிறுத்தும் இதே வேலை உணவகத்தில் "டேபிள் எல்லாம் ரிசர்வ், பார்சல் வாங்கிக்குங்க" என்றும், சலூனில் "வெட்ட ஆள் இல்லை" என்றும் நடக்கும். காரணம் பொய்யா என்று பார்க்க ஒரே வழி, இரண்டு நிமிடம் அங்கேயே நிற்பது. அடுத்து வருபவரிடம் அந்தக் காரணத்தைச் சொல்கிறார்களா? உங்கள் டிக்கெட் ஸ்கேன் ஆகவில்லை என்று சொன்ன அதே மெஷினில் அவர் டிக்கெட் 'பீப்' என்கிறதா? அந்த இரண்டு நிமிடத்தை வீடியோ எடுங்கள். வழக்கில் பேசப்போவது அதுதான்.

பிறகு மேனேஜர் வருவார், மன்னிப்பு கேட்பார், பணத்தைத் திருப்பித் தந்து டிக்கெட்டை வாங்கிக்கொள்வார். டிக்கெட்டைக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே தேதி, நேரம், எந்த வாசல் என்று குறிப்பிட்டு, சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என உரிமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறி, சில வாரங்களில் எல்லாம் போய்விடும்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி, பழங்குடி என்றால், கடைக்குள் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நரிக்குறவர்கள் 2023 ஜனவரியில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். எஃப்ஐஆர் போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று அதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது. "விசாரிச்சிட்டு சொல்றோம்" என்று காவல் நிலையத்தில் இழுத்தடித்தால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். உதவி எண் 14566. இத்துடன் நுகர்வோர் ஆணையத்திலும் சேவைக் குறைபாடு என்று மனு போடலாம். அங்கே எதிர்மனுதாரராக உரிமையாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பணம் வாங்கியது அவர் நிறுவனம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை.

முதலாளிகளுக்கும் இது எச்சரிக்கை. தீண்டாமை காரணமாகச் சேவை மறுத்துத் தண்டனை பெற்றவர் தொழில் உரிமம் வைத்திருந்தால், அதை ரத்து செய்யவே 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கம்பெனி, கூட்டு நிறுவனம் என்றால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார்; தனக்குத் தெரியாமல் நடந்தது அல்லது தக்க கவனம் எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். "செக்யூரிட்டி ஏஜென்சி ஆள்" என்று கைகாட்டினால் மட்டும் தப்பிக்க முடியாது.

"அந்த மாதிரி ஆளுங்களைக் கொஞ்சம் பார்த்து விடு" என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்வதில்தான் பெரும்பாலும் எல்லாம் தொடங்குகிறது. அதை நிறுத்துங்கள். ஒருவரைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை வாசல் ஊழியரிடமிருந்து எடுத்து, ஷிஃப்ட் மேனேஜரிடம் மட்டும் கொடுங்கள். என்னென்ன காரணத்துக்கு மறுக்கலாம் என்று ஒரே தாளில் தமிழில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். மறுத்த ஒவ்வொரு முறையும் நேரம், காரணம், முடிவெடுத்தவர் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். வாரம் ஒருமுறை அதை சிசிடிவியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது நீங்கள், மேனேஜரிடம் விடாதீர்கள்.