கட்டட அனுமதிப் பிரிவு: குறைகளை ஒரே தடவையில் சொல்லிவிடுகிறார்கள்

எங்கள் சிறு நகரத்தின் நகராட்சியில் வீட்டுக்கு பிளான் அப்ரூவல் கேட்டு விண்ணப்பித்தேன். அனுமதி கைக்கு வந்துவிட்டது. அந்தப் பிரிவில் எனக்கு ரொம்பப் பிடித்தது, என்னென்ன குறை என்று மொத்தமாக ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது. இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று இழுத்தால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார், கடன் வாங்கியவருக்கு வட்டி ஓடும்.

தாக்கல் செய்யும் முன்பே வரைபடத்தைப் பொறியாளரிடம் காட்டலாம் என்றார்கள். முகப்பு, அறைகள் எதையும் அவர் முதலில் பார்க்கவில்லை. 1:100 அளவில் போட்டிருந்த மனைப்படத்தில் ஸ்கேலை வைத்து, எல்லைக் கோட்டிலிருந்து சுவர் வரை நான்கு பக்கமும் அளந்தார். பிறகு பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். மாடிக்குப் போகும் வெளிப்படிக்கட்டின் லேண்டிங், அதாவது படிகளுக்கு நடுவே வரும் சமதளம்! சுவர் சரியாகத்தான் நின்றது. லேண்டிங் மட்டும் செட்பேக்குக்குள், அதாவது எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இடத்துக்குள், நீட்டிக்கொண்டிருந்தது. “தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்குப் பரவக் கூடாது, ஆள் உள்ளே போகவும் வழி வேண்டும் சார். அதற்குத்தான் இந்த இடத்தை விடச் சொல்கிறோம்” என்றார். காரணம் தெரிந்ததும் படிக்கட்டைத் திருப்பிப் போட எனக்கு வருத்தமே இல்லை.

மனையைப் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான், நிதானமாக டேப் பிடித்தார்கள். பத்திரத்தில் நீள்சதுரம், நிலத்தில் பின்பக்கம் குறுகியிருந்தது. எது குறைவோ அதை வைத்தே கணக்கு என்றார்கள். இது சின்ன விஷயம் இல்லை. மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்எஸ்ஐ. 200 சதுர மீட்டர் மனையில் எஃப்எஸ்ஐ 1.5 என்றால் எல்லாத் தளமும் சேர்த்து 300 கட்டலாம். மனை 190 ஆகிவிட்டால் 285தான். ஒரு படுக்கையறையே போய்விடும். ஆகவே மனை வைத்திருப்பவர்கள் படம் போடக் கொடுக்கும் முன் நிலத்தை அளந்துவிடுங்கள்.

கழிவுநீர்ப் பிரிவு மட்டும் வேறு கதை. அனுமதிப் பிரிவு செப்டிக் டேங்க் எங்கே என்று படத்தில் காட்டச் சொல்கிறது. கழிவுநீர்ப் பிரிவோ, தெருவில் குழாய் வரப்போகிறது, இணைப்பைக் காட்டு என்கிறது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை. கடைசியில் இரண்டையும் வரைந்து கொடுத்தோம். இதை அவர்கள் அவசியம் சரிசெய்ய வேண்டும். ஆன்லைனில் பதிவேற்றும் பக்கமும் மோசம். கோப்பை ஏற்கவில்லை என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. நேரில் போய்க் கேட்பதே மேல்.

கட்டணம் கட்டிய ரசீதை அனுமதி என்று நினைத்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிடாதீர்கள். முத்திரையிட்ட வரைபடம் கைக்கு வர வேண்டும். அதில் அனுமதி எந்தத் தேதி வரை செல்லும் என்றும் போட்டிருக்கும். அஸ்திவாரத்துக்குக் கம்பி கட்டியதும், கான்கிரீட் போடும் முன்பே தகவல் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்; மூடிய பிறகு கம்பியை யாரும் பார்க்க முடியாதே.