கியர் இறுகினால் உடனே கியர்பொக்ஸை இறக்க வேண்டாம்: பழைய மனுவல் காருடன் என் அனுபவம்

எங்களிடம் இருப்பது 2000களின் தொடக்கத்தில் வந்த ஜப்பான் செடான். 1500 சிசி, ஐந்து கியர், மனுவல். பத்து வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில்தான் ஓடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளுக்குக் கேட்ட விலையைப் பார்த்து, இருப்பதையே பராமரித்துக்கொண்டு போவோம் என்று முடிவெடுத்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன்.

இஞ்சின் பெரிதாகத் தொல்லை தரவில்லை. சோதித்தது கியர்தான். ஒவ்வொரு முறையும் காரணம் வேறு, வெளியே தெரிந்த குணம் மட்டும் ஒன்றே: லீவர் இறுகும், போட்டால் விழாது, வலிந்து போட்டால் ‘கர்ர்’ என்று சத்தம் வரும்.

நிலாவெளிப் பக்கம் மட்டும் ஓடுகிறவருக்கு இந்த நோய் தெரியவே தெரியாது. நேர் வீதி, ஐந்தாவதில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். டவுனுக்குள் வந்தால்தான் வண்டவாளம் வெளிவரும். மார்க்கெட் பக்கம் முதலாம், இரண்டாம் கியரிலேயே ஊர வேண்டும். கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் மான்கள் தங்கள் பாட்டில் குறுக்கே நடக்கும் (ஹோர்ன் அடித்தால் நின்று நம்மையே பார்க்கும், அது வேறு கதை). அப்புறம் கோணேஸ்வரத்துக்கு ஏறும் வீதி. அந்த ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது முதலாம் கியர் விழவில்லை என்றால் பின்னால் வருபவருக்கும் சேர்த்து வியர்க்கும்.

முதல் முறை வந்த கோளாறு இப்படி. காலையில் வெளிக்கிடும்போது எல்லாம் சரி. வெயில் ஏறி, நெரிசலில் கொஞ்ச நேரம் ஓடினால் முதலாம் கியர் அடம்பிடிக்கும், ரிவேர்ஸ் கத்தும். ஒரு கராஜில் காட்டினேன். வண்டியில் ஏறிக்கூடப் பார்க்காமல், “கியர்பொக்ஸை இறக்க வேணும், கிளச் செட் முழுக்க மாத்த வேணும்” என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டபின் வேறொரு வயதான மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் சொன்னது ஒரே வசனம்: “தம்பி, இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு எல்லாக் கியரையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ.”

இஞ்சின் நின்றிருந்தபோது ஐந்து கியரும் ரிவேர்ஸும் வெண்ணெய்போல விழுந்தன. ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போட்டால் மறுபடி அதே இறுக்கம். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. கியரை நகர்த்தும் உள்பாகமோ லீவரின் கேபிளோ பழுதாக இருந்தால் இஞ்சின் ஓடினாலும் நின்றாலும் இறுகத்தான் செய்யும். நின்ற வண்டியில் இஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகுகிறது என்றால், பெடலை மிதித்தும் கிளச் முழுதாக விடவில்லை, இஞ்சினின் சுழற்சி இன்னும் கியர்பொக்ஸுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கியரின் வேகத்தைச் சமப்படுத்த வேண்டிய சின்க்ரோ, இஞ்சினோடு மல்லுக்கட்டி எப்படி வெல்லும்?

இதை உறுதிப்படுத்த ரிவேர்ஸ் நல்ல சாட்சி. அனேகமான மனுவல் கார்களில் ரிவேர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி நின்றபடி இஞ்சின் மெதுவாக ஓட, கிளச்சை அடிவரை மிதித்து, நாலைந்து செக்கன் பொறுத்து ரிவேர்ஸைப் போடுங்கள். உள்ளே சுழன்ற தண்டு அதற்குள் நின்றிருக்க வேண்டும். அப்போதும் கத்தினால் கிளச் விடவில்லை என்பதில் சந்தேகம் வேண்டாம்.

கிளச் ஏன் விடவில்லை என்பது அடுத்த கேள்வி. இதற்கும் எதையும் கழற்றத் தேவையில்லை. முதலில் காலடி மெத்தை பெடலுக்குக் கீழே மடிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நடக்கிற விஷயம். கேபிள் கிளச் என்றால் கேபிள் நீண்டிருக்கலாம், பெடலின் வெற்று ஆட்டத்தைச் சரிசெய்தால் போதும். எங்களுடையது ஹைட்ரோலிக், பெடலின் அழுத்தத்தை எண்ணெய்தான் கிளச்சுக்குக் கொண்டுபோகும். பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்துவிட்டுக் கியரைப் போட்டேன், சுகமாக விழுந்தது. அப்படியென்றால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. அடுத்து, சமதரையில், முன்னால் ஒருவரும் இல்லாத இடத்தில், முதலாம் கியரில் பெடலை மிதித்தபடியே வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக முன்னே நகரப் பார்த்தது. வெளியே ஒரு துளி ஒழுக்கும் இல்லை, கிளச் எண்ணெய் டேங்கில் மட்டமும் குறையவில்லை. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டி எண்ணெய் திரும்பி வருகிறது என்று பாஸ் சொன்னார். சூட்டில் எண்ணெய் இளகும்போது அது கூடும். காலையில் சரி, மத்தியானம் பிழை என்பதன் காரணம் அதுதான்.

முதலில் ரப்பர் கிட் மட்டும் போட்டார். உள்சுவரில் அரிப்பு இருப்பதாகவும் கிட் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றும் அப்போதே சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியே அடுத்த மாரிக்கு முன் பழைய குணம் திரும்பியது. பிறகு மாஸ்டர், கிளச் பக்கத்திலுள்ள ஸ்லேவ் ஆகிய இரண்டு சிலிண்டரையும் முழுதாக மாற்றினோம், கூடவே ரப்பர் ஹோஸும். அதன்பின் இன்றுவரை அந்தப் பக்கத்தில் கை வைக்கவில்லை. என் கணிப்பில், சுவர் அரித்த சிலிண்டருக்குக் கிட் போடுவது கூலியை இரண்டு தடவை கொடுக்கும் வழி. சுவர் பளபளப்பாக இருந்தால் கிட் தாராளமாகப் போதும்.

அரிப்பு எங்கிருந்து வந்தது? கிளச்சுக்கு ஊற்றுவதும் பிரேக் எண்ணெய்தான், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூன்று பக்கம் கடல் சூழ்ந்த டவுனில் ஈரத்துக்குப் பஞ்சமா? பிரேக் எண்ணெய் மாற்றும்போது கிளச் லைனையும் மறக்காமல் கழுவச் சொல்லுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான் மாற்றுகிறேன். எண்ணெய் தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். டேங்கில் குறைந்திருக்கிறதே என்று இஞ்சின் ஒயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். கிளச் தட்டுத் தேய்ந்துவிட்டது, அதனால்தான் கியர் விழவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தட்டுத் தேய்ந்தால் கிளச் வழுக்கும்: அக்சிலேற்றரை அழுத்தினால் இஞ்சின் இரையும், வண்டி வேகம் எடுக்காது. கியர் விழ மறுப்பது அதற்கு எதிரான நோய், அது விட மாட்டேன் என்கிறது.

அடுத்த கோளாறு 2022இல் வந்தது. பெற்றோல் இல்லாமல் வண்டி வாரக்கணக்கில் முற்றத்தில் நின்ற காலம் அது. பிறகு எடுத்து ஓடினால் லீவர் எல்லாக் கியருக்கும் இறுக்கம், பக்கவாட்டில் அசைப்பதே பாடு. இம்முறை இஞ்சினை நிறுத்திப் பார்த்தும் அதே இறுக்கம். ஆகவே கிளச் இல்லை. கியர்பொக்ஸின் மேலே கேபிள் முனைகளைக் கழற்றிவிட்டு, அங்கே கேபிள் இழுக்கும் சிறு இரும்புக் கையை நேரடியாக அசைத்தோம், இலகுவாக ஆடியது. பழுது கேபிளில். உறைக்குள் தண்ணீர் போய்த் துரு பிடித்திருந்தது. துருநீக்கி அடித்து ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னார். அடித்தோம், கொஞ்ச நாள் கேட்டது, அவ்வளவுதான். பிறகு கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து வேறு கேபிள் எடுப்பித்துப் போட்டேன். வண்டி நெடுநாள் நிற்கப்போகிறது என்றால் இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணிக் கியர்களையும் மாற்றிப்போடுவது நல்லது. நின்ற வண்டியில் கிளச் தட்டே பறக்கும் சில்லோடு (ப்ளைவீல்) துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இப்போது மிச்சமிருப்பது இரண்டாம் கியர். மூன்றாவதிலிருந்து கீழே இறக்கும்போது மட்டும் கத்தும். மற்றக் கியர்கள் எல்லாம் சுகம், இஞ்சினை நிறுத்தினால் இதுவும் சுகம். ஒரே ஒரு கியர் மட்டும் என்றால் அனேகமாக அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். உறுதிப்படுத்த வழி: நியூட்ரலுக்கு வந்து கிளச்சை விட்டு, அக்சிலேற்றரைச் சற்றுத் தட்டி, மறுபடி கிளச்சை மிதித்து இரண்டாவதைப் போடுவது. பழைய லொறிச் சாரதிகள் எல்லோருக்கும் இது கைவந்த கலை. அப்படிப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறது.

ஒயிலும் இதில் சம்பந்தப்பட்டது. எங்கள் கையேட்டில் இருப்பது 75டபிள்யூ-90, ஜிஎல்-4 என்ற கியர் ஒயில் வகை. கடையில் “ஜிஎல்-5 இன்னும் உயர்ந்தது” என்று நீட்டுவார்கள். அது டிபரன்சலுக்கு (சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் பகுதி) நல்லது. ஆனால் அதன் கந்தகச் சேர்மானங்கள் பித்தளை வளையங்களுக்கு ஆகாமல் போகலாம், வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். கையேடு அனுமதித்தால் ஒழிய நான் போட மாட்டேன். மாற்றும்போது நிரப்பும் மூடியை முதலில் திறந்து பாருங்கள். அது இறுகிக் கிடக்க, கீழ் மூடியைத் திறந்து ஒயிலை வடித்துவிட்டால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். வடியும் மூடியின் காந்தத்தில் உலோகத்தூள் மைபோலப் படிந்திருந்தால் பயமில்லை. துண்டு துண்டாக உலோகம் இருந்தால்தான் கியர்பொக்ஸை இறக்கும் பேச்சு.

எங்களுடையதில் இதுவரை மைதான். ஆகவே இரண்டாவதைக் கொஞ்சம் பொறுத்துப் போட்டு ஓடுகிறேன். கிளச் தட்டு தேய்ந்து எப்படியும் ஒருநாள் கியர்பொக்ஸ் இறங்கத்தான் போகிறது. அன்றைக்கு அந்த வளையத்தையும் மாற்றச் சொல்லி பாஸிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன், இறக்கும் கூலியாவது ஒன்றோடு போகட்டும்.