பிரிண்டர் பழுதுக்கு உதவி கேட்டு அழைத்தேன். 68,500 ரூபாய் போய்விட்டது

செவ்வாய்க்கிழமை இரவு எட்டேகால் மணிக்கு என் வங்கிக் கணக்கிலிருந்து 68,500 ரூபாய் எடுக்கப்பட்டது. இன்று வியாழன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே அமர்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால், எல்லோரும் சொல்வதுபோல் நானும் ‘என் கவனக்குறைவுதான்’ என்று ஒத்துக்கொண்டு ஏமாற்றியவர்களையும் கைகழுவியவர்களையும் விட்டுவிடுவேனோ என்ற அச்சம் இருக்கிறது. நடந்ததைச் சொல்லிவிட்டு, வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் பின்பற்ற வேண்டிய பாதுகாப்புப் பழக்கங்களையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் கரூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. மறுநாள் தேர்வுக்கான வினாத்தாளை அச்செடுக்க உட்கார்ந்தபோது பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டியது. அணைத்துப் போட்டேன், கம்பியைக் கழற்றி மாட்டினேன், பயனில்லை. கணவர் வெளியூரில் இருந்தார். மகளுக்குக் கல்லூரியில் செமஸ்டர் தேர்வு நேரம். அவளைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. பிரிண்டர் நிறுவனத்தின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று இணையத்தில் தேடினேன். முதல் வரியிலேயே அந்த நிறுவனத்தின் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் இருந்தன. அது காசு கொடுத்து வாங்கிய விளம்பர இடம் என்பதும், அதைக் குறிக்கும் சொல் மேலே பொடி எழுத்தில் இருந்தது என்பதும் மறுநாள்தான் என் கண்ணில் பட்டன.

அழைத்தேன், மணி அடித்து நின்றது. இரண்டே நிமிடத்தில் அவர்களே திரும்ப அழைத்தார்கள். பேசியவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும் என்று குரல் சொன்னது. நல்ல தமிழ், நிதானமான பேச்சு. பிரிண்டரின் மாடல் எண்ணைக் கேட்டார், எப்போது வாங்கியது என்று கேட்டார். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ஒரு செயலியை நிறுவச் சொன்னார். ‘இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?’ என்ற பொருளில் திரையில் ஒரு கட்டம் எழுந்தது. நான் தயங்கினேன். அப்போது அவர் சொன்ன வார்த்தைகளை நான் மறக்கப்போவதில்லை: “பயப்படாதீங்க அம்மா. பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும் சொல்லாதீங்க. இப்பல்லாம் நிறைய ஏமாத்துறாங்க.” அந்த நொடியில்தான் நான் அவரை நம்பினேன். திருடுபவன் இப்படியா எச்சரிப்பான் என்று நினைத்து, ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

அதன்பின் என் கை படாமலே மவுஸ் அம்பு திரையில் நகர்ந்தது. அவர் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற ஒரு பகுதியைத் திறந்து, வரிசை வரிசையாகச் சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, இவை அனைத்தும் வைரஸ் என்றார். பிறகு ஒரு கறுப்புச் சாளரத்தில் ஏதோ கட்டளை தட்டினார். எண்கள் ஓடின, ஒரு பத்தியின் தலைப்பில் ‘ஃபாரின் அட்ரஸ்’ என்று இருந்தது. “பாருங்கம்மா, வெளிநாட்டுக்காரங்க உங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்காங்க” என்றார். எனக்கு நா வறண்டுவிட்டது. நேற்று இரவு மகள் விளக்கிய பிறகே தெரிந்தது: அந்தச் சிவப்பு, மஞ்சள் குறிகள் நல்ல நிலையில் உள்ள எந்த விண்டோஸ் கணினியிலும் இருக்கும், சின்னச் சின்னத் தடங்கல்களைக் கணினி தனக்காக எழுதி வைக்கும் குறிப்பேடு அது. ‘ஃபாரின் அட்ரஸ்’ என்பது நம் கணினி தொடர்பு கொண்டிருக்கும் மறுமுனையின் முகவரி மட்டுமே. ஒரு செய்தித் தளத்தைத் திறந்து வைத்திருந்தாலும் அது அங்கே வரும். ஆங்கிலத்தில் இருந்த இரண்டு சொற்களை வைத்து ஒருவன் என்னை நடுங்க வைத்திருக்கிறான் என்பதை நினைக்கும்போது, போன பணத்துக்கு இணையாக இதுவும் வலிக்கிறது.

சேவையைப் பதிவு செய்ய பத்து ரூபாய் கட்ட வேண்டும் என்றார். பத்து ரூபாய்தானே என்று வங்கித் தளத்தில் நானே நுழைந்தேன். கடவுச்சொல்லை உலாவியில் சேமித்து வைத்திருந்ததால் அது தானாகவே நிரம்பிக்கொண்டது. உடனே திரை கறுத்தது. வைரஸ் நீக்கப்படுகிறது, கணினியைத் தொட வேண்டாம் என்றார். ஐந்தாறு நிமிடம் கழித்துத் திரை மீண்டபோது, ஓடிபி போட வேண்டிய கட்டம் மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே, தொகை இருந்திருக்க வேண்டிய இடத்தை, அந்தச் செயலியின் உரையாடல் பெட்டி மறைத்துக்கொண்டிருந்தது. “என்கிட்ட சொல்ல வேண்டாம், நீங்களே போடுங்க” என்றார். கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியில் ஆறு இலக்கங்களை மட்டும் பார்த்துத் தட்டினேன். அதே குறுஞ்செய்தியில், அந்த எண்ணுக்கு அடுத்த சொற்களிலேயே, 68,500 ரூபாய் என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அந்த ஒற்றை வரியை வாசிக்கவில்லை.

கணக்கில் பணம் குறைந்ததைச் சொல்லிக் கேட்டபோது, “சிஸ்டம் எரர் அம்மா, நாளைக்குக் காலையில திரும்ப வந்துடும்” என்றார். அடுத்த அழைப்பிலிருந்து அந்த எண் எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவைதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கின்றன. வங்கியின் கட்டணமில்லா எண்ணில் மொழியைத் தேர்ந்தெடு, எண்ணை அழுத்து என்று இருபது நிமிடத்துக்கு மேல் அலைக்கழித்த பிறகு ஒருவர் வந்து கணக்கை முடக்கினார். சைபர் மோசடிக்கென்று 1930 என்ற எண் இருக்கிறது, உடனே அழையுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றிரவே அழைத்திருப்பேன். மறுநாள் காலை சக ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் அழைத்தேன்; அதற்குள் பதின்மூன்று மணி நேரம் கடந்துவிட்டது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் நிறுத்தி வைப்பதற்காகவே அந்த ஏற்பாடு இருக்கிறது. என் 68,500 ரூபாயோ, முன்பின் தெரியாத யாருடைய கடன் அட்டை நிலுவையையோ அடைக்கப் போய்விட்டதாம்.

வங்கிக் கிளையில் அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ஓடிபி நீங்க போட்டதுதானே மேடம்?” என்று கேட்டார், ஆமாம் என்றேன், அதோடு அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. எழுதிக் கொடுத்த மனுவை வாங்கிக்கொண்டு, நகலில் முத்திரை வைக்க மறுத்தார். கணக்குத் தொடங்கிய கிளைக்குப் போகச் சொன்னார். அங்கே, தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் “ஆன்லைன்ல பதிஞ்சாச்சுல்ல, மெசேஜ் வரும்” என்ற பதில் கிடைத்தது. விளம்பரத்தை வெளியிட்ட தேடல் தளத்துக்குப் புகார் அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று தானியங்கிப் பதில் வந்தது. நேற்று மாலை அதே சொற்களைத் தேடிப் பார்த்தேன்: அதே இடத்தில் அதே விளம்பரம், எண் மட்டும் வேறு.

அனுமதியில்லாமல் நடக்கும் மின்னணுப் பணப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று சொல்லும், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை நேற்று இரவு முழுதும் படித்தேன். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை அவரையே சேரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய கடமையும் வங்கிக்கே என்று அதில் இருக்கிறது. ஒரு கேள்வியில் என்னை அனுப்பிவைத்த அந்த அதிகாரி இதைப் படித்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

பாதுகாப்புப் பழக்கங்கள் என்று தொடங்கினேன். இப்போது கை நடுங்குகிறது, அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடல் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். பொருளோடு வந்த அட்டையிலோ, ரசீதிலோ, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ மட்டும் பாருங்கள். முகம் தெரியாத ஒருவருக்காகத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி எதையும் கணினியிலோ கைப்பேசியிலோ நிறுவாதீர்கள்; நிறுவிவிட்டீர்கள் என்றால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள், கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை உலாவியில் சேமிக்காதீர்கள். கணினியில் அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை (கணினியின் அமைப்பை மாற்றும் அனுமதி) இல்லாத தனிப் பயனர் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி செய்தியில் தொகையை முதலில் வாசியுங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். பணம் போனால் அந்த நிமிடமே 1930. வங்கி அதற்குப் பிறகுதான். என் கணினியில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன என்று மகள் சொல்கிறாள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, என்னால் இப்போது முடியவில்லை.

பிரிண்டரை மகள் நேற்று வீடியோ அழைப்பிலேயே ஒரு நிமிடத்தில் சரி செய்துவிட்டாள். அச்சு வரிசைச் சாளரத்தில் ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ என்ற வரியில் ஒரு டிக் விழுந்திருந்தது, அவ்வளவுதான். 68,500 ரூபாய் அவளுடைய அடுத்த செமஸ்டர் விடுதிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்தது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு மனுவின் இரண்டு நகல்களோடும் அந்தச் சுற்றறிக்கையோடும் மீண்டும் கிளைக்குப் போகிறேன். ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்புவதாக இல்லை. முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுவேன்.