குபர்னெட்டிஸ்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் கணினி அமைப்பு என்ற கனவை ஐபிஎம் 2001இல் பெரிதாகப் பேசியது. நிறுவுவது, பழுது நீக்குவது, வேகத்தைச் சீராக்குவது, தாக்குதலைத் தடுப்பது எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். இவற்றில் பழுது நீக்கும் பகுதியை அன்றாட வேலையில் எனக்குக் காட்டியது, கூகுள் 2014இல் திறமூலமாக வெளியிட்ட குபர்னெட்டிஸ் என்ற, செயலிகளைப் பல சர்வர்களில் ஓடவைத்துக் கவனிக்கும் மென்பொருள். சில ஆண்டுகளாக எங்கள் சர்வர்கள் அதன் பொறுப்பில்தான் ஓடுகின்றன.

இந்தச் செயலி மூன்று பிரதிகளாக ஓட வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் போதும். ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்பிவிடுகிறது. ஒரு சர்வரே அணைந்துபோனால், ஏறக்குறைய ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதிலிருந்தவற்றை வேறு சர்வரில் ஓடவைக்கிறது. (அந்த ஐந்து நிமிடம் எதற்கு என்று மேலாளருக்கு விளக்குவது தனி வேலை.) நள்ளிரவு அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் இந்த வைத்தியருக்குக் காய்ச்சலானாலும் கால் முறிந்தாலும் ஒரே மருந்துதான்: ரீஸ்டார்ட். எங்கள் செயலி ஒன்றில் நினைவகக் கசிவு இருந்தது; எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் எடுத்துக்கொண்டே போகும். வரம்பைத் தாண்டும், 137 என்ற குறியீட்டுடன் கொல்லப்படும், மறுபடி எழும். பயனர் யாரும் புகார் சொல்லவில்லை; அதனாலேயே அது மாதக்கணக்கில் நீடித்தது. இப்போதெல்லாம் காலையில் முதலில் ரீஸ்டார்ட் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன்.

செயலி உயிரோடு இருக்கிறதா என்று குபர்னெட்டிஸ் அவ்வப்போது கேட்டுப் பார்க்கும் உயிரோட்டச் சோதனையில் (liveness probe) இன்னும் கவனம் தேவை. எதையும் மாற்றாவிட்டால், பத்து விநாடிக்கு ஒருமுறை கேட்கும். ஒரு விநாடிக்குள் பதில் வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் ரீஸ்டார்ட். இதற்குள் தரவுத்தளச் சோதனையையும் சேர்த்துவிட்டால், தரவுத்தளம் சற்றுத் திணறும்போது எல்லாப் பிரதிகளும் ஒருசேர விழுந்து, எழுந்து, புது இணைப்புகள் கேட்டு அதை இன்னும் அழுத்தும். செயலி உயிரோடு இருக்கிறதா என்பதற்கு மேல் அங்கே எதையும் கேட்காதீர்கள்.

சுமைக்கேற்பப் பிரதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதியில் குறையில்லை.

பராமரிப்புதான் ஓயாது. ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறத்தாழ பதினான்கு மாதம். அந்த மேம்படுத்தலைத் திட்டமிட ஆள் வேண்டும். ஒரே சர்வரில் ஓடும் சிறிய தளத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். விழுந்த செயலியை மறுபடி எழுப்ப, லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும், சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் (systemd) ஒரு வரி எழுதினால் போதும்.