2 டெராபைட் பென்ட்ரைவ், 3,500 ரூபாய்: ஏமாந்துவிடாதீர்கள்

மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் 2 டெராபைட், அதாவது 2,000 ஜீபி, என்று அச்சடித்த பென்ட்ரைவ் 3,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். மினுமினுக்கும் உலோகக் கூடு, பெரிய கம்பனி ஒன்றின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய பெயர். ஊர்க் கோயில் முன்றலில் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்தின் வீடியோவை கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்குக் கொடுக்கலாம் என்று நானும் ஒன்று வாங்கினேன்.

கொப்பி பண்ணும்போது ஒரு பிழையும் காட்டவில்லை. போட்டுப் பார்த்தால் கட்டியக்காரன் வரவு நன்றாக ஓடுகிறது, ராசா வரவு பாதியில் பச்சைக் கட்டமாக உடைகிறது, அதற்குப் பிறகு உள்ள கோப்புகளுக்குப் பெயரும் அளவும் சரியாக இருக்கிறதே தவிர ஒன்றுமே திறக்காது. விசயம் இதுதான்: உள்ளே இருப்பது சின்ன மெமரி சிப், அதை நடத்தும் கன்ட்ரோலரைத்தான் 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். இடம் முடிந்த பிறகு எழுதுவதெல்லாம் எங்கேயும் நிற்காது, அல்லது பழையதன் மேலேயே விழும். போர்மட் பண்ணியும் பிரயோசனமில்லை.

கடைக்காரரிடம் கொண்டுபோனால், "தம்பி, கம்பியூட்டர்ல 2 டீபி காட்டுதுதானே, உங்கட லெப்டொப்பிலதான் வைரஸ், பெட்டி உடைச்ச சாமான் எடுக்க ஏலாது" என்கிறார். காட்டுவதே பொய் என்று சொன்னால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்!

2 டெராபைட் பென்ட்ரைவே இல்லை என்று சொல்லவில்லை, கிங்ஸ்டன் 2017இலேயே ஒன்று வெளியிட்டது, ஆனால் அது பருமனான சாமான், இந்த விலைக்குக் கனவிலும் வராது.

விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, லினக்ஸ், மெக் என்றால் எஃப்3 (F3). எழுதி, திரும்ப வாசித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். இந்தப் பென்ட்ரைவ் எழுதும் வேகத்துக்கு முழு 2 டெராபைட்டையும் சோதிக்க இரண்டு நாளுக்கு மேல் ஆகும், 100 ஜீபி என்று கொடுத்தாலே குட்டு வெளியாகிவிடும். என்னுடையதில் 29 ஜீபிக்கு மேல் ஒன்றும் நிற்கவில்லை.

பில்லைக் கேட்டு வாங்குங்கள், அதில் 2 டெராபைட் என்று எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடும்போது கையில் ஏதாவது இருக்கும். ஏற்கெனவே வாங்கியவர்கள் கலியாண வீட்டுப் படம், பிள்ளைகளின் வீடியோ எதையும் போனில் இருந்து அழிக்க வேண்டாம், பென்ட்ரைவில் திறக்கிறதை முதலில் வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள், புதிதாக ஒன்றும் எழுதாதீர்கள்.